சங்கு கேட்காத பிளாக்

கனகத்துக்கு உட்காரத் தெரியாது. கல்யாணத்தன்று மணையில் உட்கார்ந்தாளே, அதுதான் அவள் சேர்ந்தாற்போல் ஓரிடத்தில் உட்கார்ந்த கடைசி நேரம் என்று அவள் புருஷன் துரைராஜ் நெய்வேலி மைன்ஸில் சொல்லிச் சிரிப்பான். பாதிச் சாப்பாடு குந்தியபடி, மீதி நின்றபடி. பேசும்போது கையில் துடைப்பமோ முறமோ இருக்கும். இரண்டும் இல்லாவிட்டால் முந்தானையை முறுக்கிப் பிரித்து, பிரித்து முறுக்கிக்கொண்டிருப்பாள். பார்க்கிறவர்களுக்குத்தான் கால் வலிக்கும்.

பிறந்த வீடு பண்ருட்டிக்குப் பக்கத்தில் திருவதிகையில். அப்பா, சித்தப்பா, அத்தை, அவர்கள் பெற்றதுகள் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. அந்த வீட்டை நினைத்து ஏங்குவதற்கு ஒன்றும் இல்லை. பொழுது விடிந்தால் சண்டை, பொழுது சாய்ந்தால் சண்டை. மல்லாட்டைக் கடலை உடைக்க உட்கார்ந்தால், யார் உடைத்தது யார் தின்றது என்று அதிலும் ஒரு சண்டை. ஆனால் சத்தத்துக்குக் குறைவே இருந்ததில்லை. தனியாக இருப்பது என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவேண்டிய அவசியமும் வந்ததில்லை.

நெய்வேலியில் பூமிக்கடியிலிருந்து கரி வெளியே வந்த மறுவருஷம் அவளைத் துரைராஜுக்குக் கொடுத்தார்கள். அவன் கன்வேயர் பெல்ட்டில் ஹெல்பர். ஒன்றோடொன்று ஒட்டி வரிசையாக நின்ற குவார்ட்டர்ஸில் அவர்களுக்கு ஒரு வீடு. ஓர் அறை, ஒரு சமையலறை, பின்னால் கையகலக் கொல்லை. சிமெண்டுத் தரை, ஓட்டை இல்லாத கூரை, குழாயைத் திருகினால் தண்ணீர். திருவதிகையிலிருந்து வந்து பார்த்த சித்தப்பா மகள்கள் வயிறு எரிந்துதான் போனார்கள்.

கனகத்துக்கு அந்த வீட்டில் ஒரு நாழிகை இருப்புக் கொள்ளவில்லை. அந்த வரிசையில் எந்த நேரமும் யாராவது ஒருத்தர் தூங்கிக்கொண்டிருப்பார். ராத்திரி ஷிப்டு முடித்து வந்தவருக்குப் பட்டப்பகல்தானே ராத்திரி? அம்மியில் குழவியை இரண்டு இழுப்பு இழுத்தால் போதும், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து டொக் டொக் என்று தட்டுவார்கள். துரைராஜ் வேலைக்குப் போனதும் கதவைச் சாத்துவாள். பயம் வரும். கதவைத் திறப்பாள். தெருவில் ஈ காக்கை இருக்காது, அதற்கும் பயம் வரும். பெருக்கிய இடத்தையே மறுபடியும் பெருக்குவாள். கடைசியில் தாங்கமாட்டாமல் பையைத் தூக்கிக்கொண்டு பண்ருட்டி பஸ் ஏறிவிடுவாள். பிறந்த வீட்டுக்குப் போய் எல்லோரிடமும் ஆளுக்கொரு சண்டை போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவாள். வந்து இறங்கும்போது முகம் தெளிந்திருக்கும்.

ஒருநாள் துரைராஜ் வேலை முடிந்து வந்தபோது கதவு பூட்டியிருந்தது. சாவி கனகத்தின் இடுப்பில், கனகம் பண்ருட்டி பஸ்ஸில். உடம்பெல்லாம் தூசியோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த முறை உட்கார்ந்திருந்தபோது, இவள் ஒருநாள் திரும்பி வராமலே போய்விடுவாளோ என்று அவனுக்கு நெஞ்சுக்குள் குளிர் எடுத்தது. அதை அவளிடம் சொல்லவில்லை. ஆண்பிள்ளை அதையெல்லாம் வாயைத் திறந்து சொல்வானா? அதற்குப் பதிலாக ஒரு நாய்க்குட்டியைச் சோற்றுப் பையில் போட்டுக் கொண்டுவந்தான்.

ஜெர்மனியிலிருந்து வந்த மண் வெட்டும் இயந்திரங்களின் உதிரிச் சாமான்களை மரப்பெட்டிகளில் அடைத்து ஒரு கொட்டகையில் அடுக்கியிருந்தார்கள். காலியான பெட்டி ஒன்றில் தெருநாய் போட்ட குட்டி அது. பழுப்பு நிறம், ஒரு காது நின்றும் ஒரு காது மடிந்தும் இருக்கும். பெட்டியின் மரியாதைக்காக அதற்கு அங்கே எல்லோரும் ஜெர்மன் என்றே பேர் வைத்துவிட்டார்கள்.

"இத வுட்டுட்டு இனிமே நீ பஸ்ஸு ஏறு, பாக்கலாம்" என்றான் துரைராஜ்.

"அய்ய, நாயா? இத எங்க கட்டறது?" என்று கேட்டாள் கனகம். அதற்குள் குட்டி தள்ளாடி நடந்துவந்து அவள் பாதத்தின்மேல் ஏறி வயிற்றை வைத்துப் படுத்துத் தூங்கிவிட்டது.

அன்று அவள் அடுப்படி நிலையில் சாய்ந்து நெடுநேரம் நின்றாள். உட்காரவில்லைதான். ஆனால் நின்ற இடத்தில் நின்றாள். காலை எடுத்தால் குட்டி விழித்துக்கொள்ளுமே என்று சோறு குழைந்ததைக்கூட விட்டுவிட்டாள். அந்த மாதம் முழுக்கப் பண்ருட்டி பஸ் அவள் இல்லாமலே போயிற்று.

சந்தோஷத்துக்கு நடுவில் சனியன் மூத்திர ரூபத்தில் வந்தது. நாயை வெளியில் கட்டினால் குரைக்கும். குரைத்தால் வரிசையில் உள்ள ராத்திரி ஷிப்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அவிழ்த்துவிட்டால் நாய் பிடிக்கிற வண்டி கொண்டுபோய்விடும். ஆகவே வீட்டுக்குள்தான். வீட்டுக்குள் அது அரிசி மூட்டையை நனைத்தது, பாயை நனைத்தது, இஸ்திரி போட்டு மடித்து வைத்திருந்த காக்கிச் சட்டையை நனைத்தது. துடைத்துத் துடைத்துக் கனகத்துக்குக் கை வெளுத்துப் போயிற்று. அதட்டினாள், மூக்கைப் பிடித்துத் தேய்த்தாள், ஒரு தடவை அடித்தும்விட்டாள். அடித்துவிட்டு அதைவிட அதிகமாக அழுதவளும் அவள்தான்.

ராத்திரி வேலை முடித்து வந்து பகலில் தூங்கிக்கொண்டிருந்த துரைராஜ் ஒருநாள் காதுக்குள் வெதுவெதுப்பாக ஏதோ இறங்குவதை உணர்ந்து எழுந்தான். எழுந்தவன் போட்ட கூச்சலில், வழக்கமாகச் சுவரைத் தட்டும் பக்கத்து வீட்டுக்காரர் கதவையே வந்து தட்டினார்.

"இன்னொரு தடவ வூட்டுக்குள்ள போச்சின்னா, இசக்கிமுத்து லாரில ஏத்தி நெல்லிக்குப்பத்துல எறக்கி வுட்டுட்டு வந்துருவேன். இது சத்தியம்" என்றான் துரைராஜ், காதைத் துடைத்துக்கொண்டே. இசக்கிமுத்து அவன் சிநேகிதன். திருநெல்வேலிப் பக்கத்து ஆள், சொந்தமாக ஒரு பழைய லாரி ஓட்டினான். சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிக்கொண்டு அடிக்கடி நெல்லிக்குப்பம் போவான். ஆகவே இது வெறும் வாய்ப்பேச்சு இல்லை என்று கனகத்துக்குத் தெரியும்.

அவளுக்கு வழி சொன்னவள் இரண்டு வீடு தள்ளியிருந்த சாமியம்மாள். அவள் ஓர் எஞ்சினீயர் பங்களாவில் வேலை செய்கிறவள். பங்களா நாயின் பழக்கவழக்கங்களை மனப்பாடமாக வைத்திருந்தாள்.

"அடிக்கக் கூடாதுடி. அதுக்கு நேரம் காட்டணும். எங்க பங்களா அம்மா கடிகாரத்தப் பாத்துகினே இருக்கும். நேரம் ஆச்சின்னா நாயத் தூக்கிகினு தோட்டத்துக்குப் போவும். ஒரே எடம். போயிட்டா ஒரு பிஸ்கோத்து. தெனம் அதே நேரம், அதே எடம். நாயி தானாப் புரிஞ்சிக்கும்."

"எங்க வூட்ல ஏதுக்கா கடியாரம்? அவரு கையில இருக்கிறது அவரு கூடவே போயிடுது."

சாமியம்மாள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே சங்கு ஊதியது. ஷிப்டு மாறுவதற்கு மைன்ஸில் ஊதும் சைரனை அங்கே எல்லோரும் சங்கு என்பார்கள். ஆள் கிளம்புவதற்கு ஒன்று, உள்ளே நுழைவதற்கு ஒன்று, சாப்பாட்டுக்கு ஒன்று என்று நாள் முழுக்க ஊதிக்கொண்டிருக்கும். அடிவயிற்றிலிருந்து கிளம்பி, மேலே ஏறி, அங்கேயே நின்று, பிறகு நீளமாக இழுத்துக்கொண்டே இறங்கும். அந்த ஊரில் யாரும் சுவரைத் தட்ட முடியாத சத்தம் அது ஒன்றுதான். அதனாலேயே கனகத்துக்கு அதைப் பிடிக்கும்.

சாமியம்மாளும் கனகமும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

மறுநாளிலிருந்து பாடம் தொடங்கியது. சங்கு எழும்பியதும் எந்த வேலையானாலும் அப்படியே போட்டுவிட்டு ஜெர்மனைத் தூக்கிக்கொண்டு கொல்லை வேலியோரம் ஓடுவாள். சங்கு இறங்கி ஓயும்வரை பக்கத்திலேயே நிற்பாள். போய்விட்டால் ஒரு துண்டு கருவாடு. முதலில் நாய்க்கு ஒன்றும் விளங்கவில்லை, அவளைத்தான் நக்கியது. பிறகு ஒருநாள் போயிற்று. மறுநாள் இரண்டு தடவை போயிற்று. கனகம் தீபாவளி வந்ததுபோல் குதித்தாள்.

இங்கேதான் அவள் ஒரு தப்புச் செய்தாள். அந்த ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாரும் செய்ய முடியாத தப்பு. சங்கு ஊதாத நேரத்தில் ஜெர்மன் கொல்லையில் காலைத் தூக்கினால், அதையும் விடமாட்டாள். "இப்ப இல்லடா. சங்கு ஊதட்டும்" என்று அதட்டி உள்ளே இழுத்து வந்துவிடுவாள். ஒழுங்கு என்றால் ஒழுங்கு. துரைராஜும் அதைக் கெடுத்தான். "ஆமா ஆமா, சங்கு ஊதறதுக்கு முன்னாடி எவனும் வெளிய போவக் கூடாது. நீ மட்டும் என்னா பெரிய ஆபீசரா?" என்று நாயிடம் சொல்லிச் சிரிப்பான்.

குட்டி வளர்ந்து நாயானபோது வரிசையே அதைப் பார்த்து அதிசயப்பட்டது. சங்கு எழும்பும். தூங்கிக்கொண்டிருக்கும் ஜெர்மன் எழுந்து உதறிக்கொண்டு பின்கதவுக்குப் போய் நிற்கும். திறந்தால் நேரே வேலி, காலைத் தூக்கும், திரும்பி வரும். நடுவில் எவ்வளவு நேரமானாலும் வீட்டில் ஒரு சொட்டு விழாது. கனகமும் அப்படித்தான் ஆகியிருந்தாள். ஒரு சங்குக்கு உலை வைப்பாள், அடுத்ததற்கு இறக்குவாள், அதற்கடுத்ததற்குத் தெருமுனையைப் பார்ப்பாள். உட்காரவில்லை என்றாலும் ஓட்டம் குறைந்திருந்தது.

துரைராஜ் ஆபரேட்டர் ஆனான். ஆபரேட்டருக்கு இரண்டு அறை வீடு கொடுத்தார்கள், நகரியத்தின் அடுத்த கோடியில், புது பிளாக்கில். தரை சிவப்புச் சிமெண்டு, முகம் பார்க்கலாம். துரைராஜ் அதைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து கால் தரையில் படாமல் நடந்தான்.

"அங்க எல்லாம் போர்மேனு, கிளார்க்கு இருக்கிற தெரு. புது வூடு. தரைல ஒரு சொட்டு வுழுந்துச்சி, அன்னிக்கே லாரி."

"அது ஏங்க வுழுவுது? எங்க ஜெர்மனப் பத்தி இன்னா நெனச்சிகினு இருக்கிறீங்க?" என்றாள் கனகம் வீறாப்பாக.

வெள்ளிக்கிழமை காலையில் பால் காய்ச்சினார்கள். பக்கத்து வீட்டு அம்சவல்லி வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். போர்மேன் மனைவி. கழுத்தை நிமிர்த்தியே வைத்திருப்பாள். நாயைக் கண்டதும் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள்.

"ஜெர்மன்னு கூப்பிட்டீங்களே, ஜெர்மன் ஜாதி நாயா?"

"பேருதாங்க ஜெர்மனு. ஜாதி நம்மூரு ஜாதிதான்."

"எங்க வூட்டுப் பக்கம் வராமப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் பாலைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போனாள்.

மத்தியானம் ஆயிற்று. கனகம் உலையில் அரிசியைப் போட்டுவிட்டுக் காத்திருந்தாள். எதற்குக் காத்திருக்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. சோறு குழைந்து அடிப்பிடித்து வாடை வந்த பிறகுதான் உறைத்தது: சங்கு ஊதவில்லை. ஊதியிருக்கும், இங்கே கேட்கவில்லை. நடுவில் எத்தனையோ பிளாக்குகள், மரங்கள். காற்றும் எதிர்த்திசையில் அடித்துக்கொண்டிருந்தது.

திரும்பிப் பார்த்தாள். ஜெர்மன் பின்கதவருகே நின்றுகொண்டிருந்தது. நிமிர்ந்த காது இன்னும் நிமிர்ந்து, மடிந்த காதும் பாதி எழும்பி, எதையோ உற்றுக் கேட்டுக்கொண்டிருந்தது. கதவைத் திறந்து கொல்லைக்குக் கூட்டிப் போனாள். "போடா, போ" என்றாள். அது வேலியை மோந்தது, அவளை அண்ணாந்து பார்த்தது, திரும்பிக் கதவுக்கே வந்து நின்றுகொண்டது. கருவாட்டைக் காட்டினாள். தொடவில்லை. சாயந்தரமும் அதே கதை. அன்றிரவு அது அறைக்கு அறை நடந்தது, அவளும் பின்னாலேயே நடந்தாள். மறுநாள் விடிந்தபோது அது முனகத் தொடங்கியிருந்தது.

பழையபடி அவளுக்கு உள்ளங்காலில் எறும்பு ஊர்ந்தது. துரைராஜ் காலை ஷிப்டுக்குப் போனதும் பழைய புடவைக் கிழிசலை நாயின் கழுத்தில் கட்டி, பழைய பிளாக்கை நோக்கி நடக்கத் தொடங்கினாள். நடை ஓட்டமாயிற்று. கடைத்தெருவுக்கு முன்னால் வரும்போது தூரத்தில் சங்கு எழும்பியது. ஜெர்மன் நட்டு வைத்ததுபோல் நின்றது. அங்கேயே, பெரிய ரோட்டின் நட்ட நடுவில், சைக்கிள்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கிப் போக, ஒருநாள் முழுவதும் அடக்கி வைத்திருந்ததை விட்டது. அது முடிகிற வழியாக இல்லை. பஸ்காரன் ஹாரன் அடித்தான். கடைக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். கனகம் கிழிசலைப் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். வெட்கம் பிடுங்கித் தின்றது, ஆனால் மனசு இலேசாகிவிட்டது.

துரைராஜ் வீடு வந்து சேருவதற்கு முன்பே செய்தி அவனிடம் சேர்ந்துவிட்டது.

"ரோட்டு நடுவுல நாயப் புடிச்சிகினு நின்னியாமே? பெல்ட்டுல ஒரு பய வுடாம கேக்கறான், உங்க வூட்டு நாய்க்கு மைன்ஸுதான் சங்கு ஊதணுமான்னு. தெனம் அங்க ஓடப் போறியா நீ?"

"ரெண்டு நாளு குடுங்க. நான் பழக்கிடறேன்."

"பழக்கி கிழிச்ச. நாளைக்கு மத்தியானம் இசக்கிமுத்து நெல்லிக்குப்பம் போறான். நான் வேல முடிஞ்சி அவன் லாரிலயே வரேன். நாயி போவுது, அவ்ளோதான்."

அவள் கெஞ்சவில்லை. எழுந்து போய்ப் பெருக்கிய தரையைப் பெருக்க ஆரம்பித்தாள். அதைப் பார்த்ததும் துரைராஜுக்கு என்னவோபோல் ஆயிற்று. பழைய வீட்டில் பஸ் ஏறிப்போன நாட்களில் அவள் இப்படித்தான் பெருக்குவாள். இருந்தாலும் சொன்ன சொல்லை மாற்றிக்கொள்ள அவனுக்கு வாய் வரவில்லை.

மறுநாள் காலையிலிருந்து ஜெர்மன் மறுபடி அடக்கிக்கொண்டிருந்தது. கனகம் சோறு ஆக்கவில்லை. அறையிலிருந்து கொல்லை, கொல்லையிலிருந்து வாசல், வாசலில் தெருமுனை. லாரி வரும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. இனி ரோட்டுக்கு ஓடவும் நேரமில்லை. ஜெர்மன் சிவப்புத் தரையில் மூக்கை வைத்து வட்டம் போடத் தொடங்கியது. குட்டியாக இருந்தபோது போட்ட அதே வட்டம். அவள் அதை வாரி எடுத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள்.

"போயிடுடா. உன்னக் கொண்டும்போயி வுட்டுடுவாங்கடா. போயிடுடா, சாமி."

நாய் காதை நிமிர்த்திக்கொண்டு மைன்ஸ் இருக்கும் திசையைப் பார்த்தது. அவளும் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. "ஊதித் தொலையேன்!" என்று அந்தத் திசையைப் பார்த்துக் கத்தினாள். கத்திய கத்தலின் வால் கொஞ்சம் நீண்டுவிட்டது. ஜெர்மன் சட்டென்று தலையைத் திருப்பி அவளைப் பார்த்தது.

கனகம் சுற்றும்முற்றும் பார்த்தாள். வாயருகே இரண்டு கையையும் குவித்துக்கொண்டாள். ஊதினாள் என்பதா, ஊளையிட்டாள் என்பதா? முதல் தடவை தொண்டையிலேயே நின்றுவிட்டது. இரண்டாம் தடவை மேலே ஏறவில்லை. நாய் தலையைச் சாய்த்துக் கேட்டது, ஏற்றுக்கொள்ளவில்லை. அடிவயிற்றிலிருந்து எடுத்தாள். இன்னொரு தடவை. இன்னும் ஒரு தடவை. தொண்டை கிழிந்தது. பிறந்த வீட்டில் அத்தனை பேருக்கு நடுவில் தன் பேச்சைக் கேட்கவைக்கக் கத்திப் பழகிய குரல், நெய்வேலிக்கு வந்த பிறகு ஒருநாளும் திறந்துவிடாத குரல், முழுசாக வெளியே வந்தது. கீழே தொடங்கி, ஏறி, நின்று, இறங்கியது. ஜெர்மன் எழுந்து உதறிக்கொண்டு நேரே வேலியோரம் போயிற்று. காலைத் தூக்கியது.

அந்த நேரம் பார்த்துக் கொல்லைப் படல் படாரென்று திறந்தது. கையில் கரண்டியோடு அம்சவல்லி ஓடி வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பெண்கள். ராத்திரி வேலை முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் லுங்கியைக் கட்டியபடியே வந்தார். ஜெர்மன் போகாமலே காலை இறக்கிக்கொண்டு வீட்டுக்குள் பாய்ந்து கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டது.

"இன்னாடி ஆச்சி? உங்க வூட்டுக்காரரு எந்த ஷிப்டு?" என்று கத்தினாள் அம்சவல்லி. "காலைலதானே போனாரு? யாரு வந்து சொன்னாங்க? சொல்லுடி, இன்னா ஆச்சி?"

மைன்ஸுக்கு ஆள் போயிருக்கும் வீட்டிலிருந்து ஒரு பெண்பிள்ளையின் ஓலம் கேட்டால் அந்த ஊரில் யாருக்கும் வேறு எதுவும் தோன்றாது. ஒருத்தி கனகத்தின் தோளைப் பிடித்து உட்காரவைக்கப் பார்த்தாள். இன்னொருத்தி தண்ணீர் எடுக்க ஓடினாள். கனகத்துக்கு அப்போதுதான் விளங்கியது.

"இல்லக்கா. அவருக்கு ஒண்ணும் இல்ல." குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது. "நாய்க்கு... ஒண்ணுக்குப் போவ... சங்கு ஊதினேன்."

அம்சவல்லி கையிலிருந்த கரண்டியைப் பார்த்தாள். பிறகு வேலியோரம் கிடந்த கல்லில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"நாய்க்கா?" என்றாள். "எங்க வூட்டுக்காரரும் அந்த ஷிப்டுதான்டி, பாவி. கொழம்பு அடுப்புல கொதிக்குது, அப்படியே வுட்டுட்டு ஓடியாரேன்." சொல்லிவிட்டு அழுதாள். கழுத்து நிமிராமல் அவளைக் கனகம் அன்றுதான் பார்த்தாள். மன்னிப்புக் கேட்கக்கூடக் கனகத்துக்குத் தொண்டையில் சத்தம் இல்லை. அவள் பக்கத்தில் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்சவல்லி கையை இழுத்துக்கொள்ளவில்லை.

வாசலிலும் ஆட்கள் கூடிவிட்டிருந்தார்கள். அந்தச் சமயத்தில்தான் இசக்கிமுத்துவின் லாரி தெருவுக்குள் திரும்பியது. துரைராஜ் கண்ணாடி வழியாகத் தன் வீட்டு வாசலில் கூட்டத்தைப் பார்த்தான். லாரி நிற்பதற்கு முன்பே குதித்தான். ஒரு செருப்பு ரோட்டிலேயே கிடந்தது. "கனகம்! கனகம்!" என்று கத்திக்கொண்டு ஆட்களைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தான். தெருமுனையிலிருந்து வாசற்படிவரை என்னென்ன நினைத்தான் என்பதை அவன் அப்புறம் யாரிடமும் சொல்லவில்லை. பூட்டிய கதவும், அவள் இல்லாத வீடும் கண்டிப்பாக அதில் இருந்தன.

கொல்லையில் அவள் நின்றுகொண்டிருந்தாள். முழுசாக. துரைராஜ் நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான்.

"என்ன தங்கச்சி, என்ன ஆச்சு?" என்று பின்னாலேயே வந்தான் இசக்கிமுத்து. அவன் கையில் நாய்க்குக் கொண்டுவந்த கயிறு இருந்தது. லுங்கிக்காரர்தான் நடந்ததைச் சொன்னார். சொல்லச் சொல்லத் துரைராஜின் முகம் கறுத்தது.

"தெருவே கூடற மாதிரி இன்னாடி இது? டேய் இசக்கி, அதப் புடிச்சிக் கட்டு."

இசக்கிமுத்து கட்டிலுக்கடியில் குனிந்தான். ஜெர்மன் அவன் கைக்குத் தப்பி வெளியே வந்தது. எல்லோர் கண் முன்னாலும் சிவப்புத் தரையின் நடுவில் மூக்கை வைத்து வட்டம் போட ஆரம்பித்தது. ஒரு வட்டம். இரண்டாவது இன்னும் சின்னது. பின்னங்கால் நடுங்கியது.

கனகம் பாய்ந்து அதைத் தூக்கிக்கொண்டு வேலியோரம் கொண்டுபோய் விட்டாள். கையைக் குவித்தாள். வாயைத் திறந்தாள். காற்று வந்தது. இன்னொரு தடவை முயன்றாள். கழுத்து நரம்பு புடைத்தது, அப்போதும் காற்றுதான். நாய் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றது. அவள் திரும்பித் துரைராஜைப் பார்த்தாள். கெஞ்சிய பார்வை இல்லை அது. இனி என்னால் ஆகாது என்ற பார்வை.

அதைத் துரைராஜால் தாங்க முடியவில்லை. இடது பக்கம் அம்சவல்லி, வலது பக்கம் லுங்கிக்காரர், பின்னால் இசக்கிமுத்து. நாளைக் காலையில் பெல்ட்டில் இது எப்படியெல்லாம் ஓடும் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். ஒற்றைச் செருப்போடு வேலியோரம் போனான். தொண்டையைக் கனைத்தான். இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு, வானத்தைப் பார்த்து ஊதினான்.

ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். ஜெர்மன் காதை நிமிர்த்தியது. காலைத் தூக்கவில்லை.

கனகம் அவன் பக்கத்தில் வந்து, வராத குரலில் சொன்னாள்: "கடைசில இன்னும் கொஞ்சம் இழுக்கணுங்க."

அவன் மூச்சை நிரப்பிக்கொண்டு மறுபடி எடுத்தான். கீழே தொடங்கி, ஏறி, நின்று, பிறகு மார்பு வற்றும்வரை இழுத்துக்கொண்டே இறங்கினான். ஜெர்மன் உதறிக்கொண்டு வேலிக்குப் போய்க் காலைத் தூக்கியது. வெகுநேரம் தூக்கியபடியே இருந்தது. இசக்கிமுத்து கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டான். "நா வாரேன் மாப்ள, லோடுக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு லாரியை நோக்கி நடந்தான்.

"தெனம் ஊதறதா இருந்தா, முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிட்டு ஊதுங்க" என்றாள் அம்சவல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

துரைராஜ் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றான். ஜெர்மன் திரும்பி வந்து கனகத்தின் காலடியில் படுத்தது. அவள் அம்சவல்லிக்குப் பக்கத்தில் அதே கல்லில் உட்கார்ந்தாள். கூட்டம் கலைந்து, அடுப்பை அணைக்க அம்சவல்லியும் எழுந்து போன பிறகும் அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.